முள்ளும் இலக்கமும்

கொழும்பு ஹெவ்லொக் டவுனிலே, வெள்ளவத்தை நெசவாலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்குச் சற்றுத் தொலைவில், இருபுறமும் மதில் உயர்ந்த ஓர் ஒழுங்கையின் கோடியில், பெயர்ப்பலகை இல்லாத கராஜ் ஒன்று உண்டு. பெயர்ப்பலகை அதற்கு வேண்டியதில்லை. மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் விற்க மனமின்றி வைத்திருப்போர் எவ்வாறோ வழிகேட்டு அங்கு வந்துசேர்கின்றனர். கராஜின் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்திற் பிறந்து, நாற்பதாண்டுக்கு மேலாகக் கொழும்பில் எண்ணெய்க் கறையோடு வாழ்பவர். பழைய கார்களைத் திருத்துவது அவர் தொழிலிற் பாதி. மறுபாதி, அவற்றைக் கொண்டுவருவதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும். ஓடமாட்டாத கிழட்டுக் காரை ட்ரெயிலரில் ஏற்றித் தமது டீசல் இரட்டைக்கபின் வாகனத்தின் பின்னே கொளுவி இழுத்துச் செல்வார்.

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் அந்த மறுபாதித் தொழில் மலைநாட்டை நோக்கித் திரும்பிவிடும். நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டமும், 1930களில் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் பழைய கார்க்காரரை அழைக்கும். தம் கார் நுவரெலியாவில் நிற்பதை எல்லோரும் காணவேண்டும் என விரும்பும் அவர்கள், அது றம்பொடை ஏற்றத்தில் ஆவி கக்கி நிற்பதை எவரும் காணக்கூடாதென்றும் விரும்புவர். எனவே அதனை இன்னொரு வாகனம் இழுத்தேற்ற வேண்டும். ஆவி கக்கும் தலைவிதி இழுக்கும் வாகனத்துக்கு மாறிவிடுகிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரலில் அதுவே நடந்தது. புசல்லாவையைக் கடந்து றம்பொடையை நோக்கி ஏறிக்கொண்டிருந்த வேளையில், அருகில் அமர்ந்திருந்த பாஸ் (கராஜில் முப்பதாண்டு வேலை செய்யும் சிங்கள மெக்கானிக், எல்லோருக்கும் அவர் பாஸ்தான்) மூக்கைச் சுளித்தார்.

"முதலாளி, ஒரு இனிப்பு மணம் வருது."

குளிர்த்தித் தண்ணீரோடு கலக்கும் கிளைக்கோலின் மணம் அது. முதலாளி முகப்புப் பலகையைப் பார்த்தார். ஹீற் மீற்றரின் முள் வழக்கம்போல் நடுவில் நின்றது.

"முள்ளு நடுவிலதானே நிக்குது, பாஸ்."

பாஸ் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு வளைவுகள் கழிந்தபின் முள் அசைந்தது. ஆயின் மேலே ஏறவில்லை, கீழே இறங்கியது. எஞ்சின் குளிர்ந்துவிட்டதென முள் கூறிற்று. அடுத்த வளைவில் எஞ்சின் இழுவை இழந்து, உள்ளே உலோகம் தட்டும் ஓசையோடு நின்றது. றேடியேற்றரின் மேற்குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வெளியேறியிருந்தது. சிலிண்டர்த் தலை கோணிவிட்டது. அதன் அடியிலுள்ள காஸ்கற் எரிந்துவிட்டது. இழுத்துவந்த வாகனத்தையும், அது இழுத்துவந்த மொறிஸ் மைனரையும் சேர்த்து இன்னொரு லொறி இழுத்துச் சென்ற காட்சியை அவர் எவரிடமும் விரித்துக் கூறுவதில்லை. பாஸும் அந்த மணத்தைப் பற்றி அதன்பின் வாய் திறக்கவில்லை. ஏச்சைவிட அந்த மௌனமே அவரை அதிகம் வருத்தியதென்பது வீட்டாருக்குத் தெரியும்.

அவர் முள்ளை நம்பியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் நடுப்பகுதியில் அவருடைய தந்தையாரிடம் பெட்போர்ட் லொறி ஒன்று இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை கண்டன. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லொறி இரவோடிரவாகக் கொழும்புப் புறக்கோட்டையின் நாலாம் குறுக்குத் தெருவுக்கு வரும். பாடசாலை விடுமுறையில் முன்னிருக்கையில் அமர்ந்துவரும் சிறுவனுக்குத் தந்தையார் ஒப்படைத்த வேலை ஒன்றே: ஹீற் மீற்றரையும் எண்ணெய் மீற்றரையும் பார்த்துக்கொண்டிருப்பது. அந்த முள் உயிருள்ள முள். சிறு மேட்டில் ஏறினாற் சிறிது உயரும், இறக்கத்தில் இறங்கும், காற்று எதிர்த்து வீசினால் அதையும் அறிவிக்கும். சிறுவன் கண்ணயர்ந்தால் தலையில் ஒரு குட்டு விழும். அவ்வாறு கற்றவர் ஐம்பது வயதைக் கடந்தபின் முள்ளை ஐயுறுவார் என்று எதிர்பார்த்தல் முறையன்று.

ஆனால் அந்த முள்ளும் இந்த முள்ளும் பெயரளவிலேயே ஒன்று. பழைய முள் உணரி கூறியதை அப்படியே காட்டிற்று. இன்றைய வாகனங்கள் பலவற்றிலே உணரிக்கும் முள்ளுக்கும் இடையில் ஒரு கணினி அமர்ந்திருக்கிறது. தண்ணீரின் வெப்பநிலை ஏறத்தாழ 80 பாகைக்கும் 105 பாகைக்கும் இடையில் எங்கு நின்றாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்துமாறு அதற்குப் பணிக்கப்பட்டுள்ளது. முள் அசையக் கண்டாற் புதுவாகனக்காரர் கலவரமுற்றுப் பணிமனைக்கு ஓடிவருகின்றனர். அதனைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்பர். வாங்கியவரின் மன அமைதியைக் காக்கும் இந்த நாகரிகம், ஒன்றரைத் தொன்னைப் பின்னே கொளுவி மலையேறுபவருக்குப் பெருந்தீங்காக முடிகிறது.

இழுவையின் சுமை எத்தகையதென்பதைச் சிறு கணக்கொன்று புலப்படுத்தும். வாகனமும் ட்ரெயிலரும் அதன்மேல் நிற்கும் காரும் ஆட்களுமாக மூன்றரைத் தொன் எனக் கொள்வோம். நூறு அடிக்கு ஆறடி உயரும் சரிவில் அதனை மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏற்றுவதற்கு, ஏற்றத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 17 கிலோவாற்று வலு வேண்டும். எஞ்சின் சக்கரத்துக்கு ஈயும் வலுவுக்கு ஏறக்குறைய ஒப்பான வெப்பம் குளிர்த்தித் தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. எட்டு ஒன்பது மின்கேத்தல்களை ஒரே நேரத்தில் றேடியேற்றருக்குள் வைத்துக் கொதிக்க விட்டதற்கு அது சமம். சமதரையில் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று அச்சூட்டை வாரிச் செல்லும். மலையில் வேகமும் இல்லை, காற்றும் இல்லை. மேலும், 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையளவிற் கொதித்துவிடும். றேடியேற்றர் மூடி 0.9 பார் அமுக்கத்தைப் பேணும் வரையில் அங்கும் வெறுந்தண்ணீர் 115 பாகை வரை கொதியாது தாங்கும். குழாயில் ஊசித்துளை விழுந்தாற்கூட அமுக்கம் போய்விடும். அதனோடு அந்த இருபது பாகைக் காப்பும் போய்விடும்.

சிலிண்டர்த் தலையைக் கடைந்து மட்டமாக்கி, பஞ்சிகாவத்தையிலே பழைய உதிரிப்பாகங்களைத் தேடியெடுத்து, எஞ்சினை ஒருவாறு மீட்டார். மீற்றரைப் பற்றிய யோசனை அப்போது எழவில்லை, எழுந்தது பின்னர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாவை எட்டிற்று. அவ்வாண்டு யூலையில் கியூஆர் குறியீட்டுக்கே எரிபொருள் கிடைக்கலாயிற்று. உதிரிப்பாகத்தின் விலை கேட்டவர்கள் அப்பொருளை மெல்லத் திரும்ப வைத்துவிட்டுச் சென்ற காலம் அது. இன்னொரு முறை அந்த எஞ்சின் எரியுமாயின் மாற்று வாகனம் வாங்க வழியில்லை. கராஜின் மறுபாதித் தொழில் அத்தோடு முடிந்துவிடும். அப்போதுதான், எஞ்சினைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை முகப்புப் பலகையிற் பொருத்துவதெனத் தீர்மானித்தார். எக்கருவி என்பதில் மூவருக்கு மூன்று கருத்து நிலவிற்று.

பாஸ் பழைய முறைக்காரர். எஞ்சினுக்குள் ஒரு குமிழ். அதிலிருந்து நீளும் மயிரிழைச் செப்புக் குழாய். அதன் முடிவில் முள். குமிழில் அடைத்த எளிதில் ஆவியாகும் திரவம் சூடேற, அதன் அமுக்கம் குழாய்வழி வந்து, வளைந்த தட்டைக் குழலொன்றை நிமிர்த்த முயலும். அந்த நிமிர்வே முள்ளை அசைக்கும். இக்குழல் 1849இல் பிரான்சியரான இயூஜின் போர்டன் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு. நீராவி எஞ்சினுக்கென எழுந்தது மோட்டார் எஞ்சினுக்கும் உதவிற்று. அதற்கு மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம், இடையில் நின்று உண்மையை மழுப்பும் எவரும் வேண்டாம். பாஸின் வாதம் வலிமையானதே. அதன் குறைபாடு, செப்பிழை நெரிந்தால் மீற்றர் முழுவதும் குப்பை என்பது. அதைவிடப் பெரிய குறைபாடொன்றும் உண்டு, அது பின்னர் வெளிப்பட்டது.

மூத்த மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவள். அவள் வேறொன்றைக் கொண்டுவந்தாள். ஸ்டீயரிங்கின் கீழே பதினாறு ஊசிகள் கொண்ட ஒரு துவாரம் உண்டு. அதில் தீப்பெட்டியளவான கருவியைச் செருகினால் எஞ்சின் கணினி அறிந்தவற்றையெல்லாம் கைத்தொலைபேசித் திரையில் இலக்கமாக வாசிக்கலாம். அந்தத் துவாரம் சாரதிக்காக ஏற்பட்டதன்று. புகை மாசைக் கட்டுப்படுத்தும் நோக்கில் முதலிற் கலிபோர்னியாவிலும் பின்னர் 1996 முதல் ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் விற்கப்படும் கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது; ஐரோப்பா 2001இல் பெற்றோல் கார்களுக்கு விதித்தது. தண்ணீரின் வெப்பநிலை அவ்வழியே ஒரே ஒரு பைற்றாக வருகிறது: 0 முதல் 255 வரையுள்ள அவ்வெண்ணிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியஸ் பாகை. துருவக் குளிரையும் அதே பைற்றில் அடக்கவே அந்த 40. ஹெவ்லொக் டவுன் வெய்யிலில் அந்தக் கழித்தலை எண்ணி நகைத்தவள் மகள் மட்டுமே.

கருவியைப் பொருத்தி, நாளொன்றில் சுமையோடு கடுகண்ணாவை ஏற்றம்வரை போய்வந்தனர். மகள் கொப்பியில் மூன்று நிரல்கள் கீறி, இடம், இலக்கம், முள் எனத் தலைப்பிட்டாள். களனிப் பாலத்தருகே இலக்கம் 84, முள் நடு. கேகாலையில் 88, நடு. மாவனல்லை கடந்து ஏற்றம் தொடங்கியதும் 95, பின் 99, ஏற்றத்தின் உச்சியை அண்மியபோது 103. மூன்றாம் நிரல் முழுவதும் நடு, நடு, நடு.

வாகனத்தை நிறுத்தியபின் தந்தையார் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கும் இந்த முள்ளு எனக்குப் பொய்தான் சொல்லியிருக்கு."

"பொய் சொல்லேல்லை அப்பா. உண்மையைச் சொல்ல அதை விடேல்லை."

கருவி வென்றதெனவே எவரும் எண்ணியிருப்பர். மகளும் எண்ணினாள். ஆயினும் ஓர் ஐயம் அவளை உறுத்திற்று: 2018இல் முள் இறுதியில் ஏன் கீழே இறங்கியது? விடைகாண அவள் கராஜுக்குள் ஒரு சோதனை நடத்தினாள். தாயாரின் பழைய அலுமினியச் சட்டி ஒன்றைச் சொல்லாமலே எடுத்துவந்து, தண்ணீர் ஊற்றி, காஸ் அடுப்பில் ஏற்றி, கழற்றிய உணரியொன்றைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். உணரியென்பது வேறொன்றுமில்லை, சூடேறச் சூடேற மின்தடை குறையும் சிறு துண்டு. தண்ணீர் கொதிக்கையில் அது 100 பாகையளவைக் காட்டிற்று. தண்ணீர் வற்றி மட்டம் இறங்கி, உணரி ஆவியும் காற்றும் கலந்த வெளியில் தொங்கியபோது 80க்குச் சரிந்தது, பின்னரும் சரிந்தது. அதேவேளை, சட்டியின் அடியில் ஒட்டி வைத்த இரண்டாவது உணரி, கடைசித் துளி வற்றியதும் 130ஐத் தாண்டி ஏறிற்று. அடுப்பை அணைப்பதற்குள் சட்டியின் அடி கறுத்துவிட்டது. தாயாருக்கு அன்று மாலை கூறப்பட்ட விளக்கம் இங்கு வேண்டியதில்லை.

முதலாளி சட்டியைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றார். றம்பொடையில் நடந்தது அதனடியில் எழுதப்பட்டிருந்தது. தண்ணீரை அளக்கும் கருவி, தண்ணீர் இருக்கும் வரைக்குமே கருவி. தண்ணீர் போனபின் பாஸின் செப்பிழை மீற்றரும் ஆவியையே அளந்திருக்கும். மகளின் கைத்தொலைபேசியும், அதே உணரியின் கூற்றை வாசிப்பதாகையால், குறைந்த இலக்கத்தையே காட்டியிருக்கும். 1910களில் றேடியேற்றர் மூடிமேற் பொருத்திய பொய்ஸ் மோட்டோமீற்றர் என்னும் வெப்பமானி, தண்ணீருக்கு மேலேயுள்ள ஆவியின் சூட்டையே காட்டுமாறு அமைந்திருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அதை விளக்கிப் பலரும் பாராட்டிய அந்நுட்பம், நூறாண்டு கழிந்து ஒரு பிளாஸ்திக் முகப்புப் பலகையில் மறக்கப்பட்டுவிட்டது. இன்னொன்றும்: அன்று ட்ரெயிலரில் நின்ற மொறிஸ் மைனரில் ஹீற் மீற்றரே கிடையாது. அக்காரின் சாரதி மணத்தையும் ஓசையையும் நம்பியே ஓட்டினான்.

எனவே அளக்கவேண்டியது தண்ணீரையன்று, உலோகத்தை என்பது தெளிவாயிற்று. சிலிண்டர்த் தலையிலுள்ள போல்ற் ஒன்றின் கீழ் வளையம்போற் செருகத்தக்க உணரியும், குறித்த பாகையைக் கடந்தவுடன் கத்தும் சிறு மணியும் கொண்ட கருவிகள் உள்ளன. கரவன் வண்டிகளை நெடுந்தூரம் இழுக்கும் அவுஸ்திரேலியரிடையே அவை பழக்கமானவை. அவற்றில் அழகிய திரை இல்லை. இருந்தாலும் ஓர் இலக்கமே. மகளுக்கு அது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. செருகு கருவியோ ஒரு திரையில் நான்கைந்து செய்திகளைத் தரும், மலிந்தும் கிடைக்கும். மலிந்தவற்றிற் போலிச் சிப்புகள் ஏராளம் என்பதும், செருகியே விட்டுவைத்தால் நிற்கும் வாகனத்தின் பற்றரியை அது உறிஞ்சக்கூடும் என்பதும் அவள் பின்னர் அறிந்தவை. ஒரு நாட்காலை வாகனம் ஸ்டார்ட் ஆகாதபோது பாஸ் அதனைப் பிடுங்கி அவள் கையிற் கொடுத்து, "துவ, இது இரவிலும் தூங்குறதில்லை" என்றார்.

முடிவைத் தீர்மானித்தது முதலாளியின் ஒரு கேள்வி. கொண்டையூசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டு, எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, பின்னே ட்ரெயிலர் மதிலை உரசுகிறதா எனக் கண்ணாடியில் நோக்கிக்கொண்டிருப்பவன் நாலு இலக்கங்களை எப்போது வாசிப்பது? பெட்போர்ட் லொறியில் முள்ளைப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறுவன் இருந்தான். இங்கே அச்சிறுவனுக்குப் பதிலாக மணி அடிக்கட்டும் என்றார். குட்டு வாங்கியவரின் தீர்ப்பு அது. கத்தும் கருவியையே பொருத்தினர். செருகு கருவியை மகள் கைவிடவில்லை. நெடும்பயணங்களில் மட்டும் செருகுவதென உடன்பாடாயிற்று. சுமையோடு ஏறுகையில் தலையின் உலோகம் எட்டிய உச்சம் 101 பாகை எனச் சில பயணங்களிற் குறித்துக்கொண்டு, மணியை 108இல் நிறுத்தினர். மிகத் தாழ்த்தி வைத்தால் வீணே கத்தும். வீணே கத்தும் மணியின் வாயைச் சாரதி சில நாட்களில் அடைத்துவிடுவான். அந்த ஏழு பாகை பற்றித் தந்தைக்கும் மகளுக்கும் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நிகழ்ந்தது.

2024 ஏப்ரலில் மீண்டும் ஒரு மொறிஸ் மைனர், மீண்டும் அதே பாதை. பாஸ் இடப்புற இருக்கையில். மகள் பின்னிருக்கையிற் கொப்பியோடு. பேராதனையையும் கம்பளையையும் கடந்து புசல்லாவையில் தேநீர் அருந்தி ஏறத் தொடங்கினர். முள் நடு. திரையில் 97. சில வளைவுகள் சென்றதும் பாஸ் யன்னற் கண்ணாடியைச் சற்று இறக்கி மூக்கை உயர்த்தினார். ஒன்றும் சொல்லாமல் முதலாளியைப் பார்த்தார். ஆறு ஆண்டுக்கு முன் சொன்னதை மறுபடி சொல்வதா என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

"என்ன பாஸ், மணமோ?"

"ஓம் முதலாளி. லேசா."

முதலாளி முகப்புப் பலகையைப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்திற் கிடைத்த சிறு வெளியில் வாகனத்தை ஒதுக்கினார். கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டிருக்கையில் மணி கத்திற்று.

கீழ்க்குழாயின் கிளிப் தளர்ந்து தண்ணீர் துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. எவரும் மூடியைத் தொடவில்லை. ட்ரெயிலரின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு முக்கால் மணிநேரம் காத்திருந்தனர். அதன்பின் பாஸ் தடித்த துணியால் மூடியைப் பொத்தி மெல்லத் திருகினார். கிளிப்பை ஸ்க்ரூட்ரைவரால் இறுக்கினார். இரண்டு போத்தல் தண்ணீர் உள்ளே இறங்கிற்று. மகள் கல்லொன்றில் அமர்ந்து நேரத்தையும் இடத்தையும் இலக்கத்தையும் எழுதி, நாலாவதாகக் கீறிய நிரலில் மணி கத்திய பாகையையும் குறித்தாள். பின் பேனையை நிறுத்தினாள்.

"அப்பா, பாஸுக்கு மணம் வந்ததை எந்த நிரலிலை எழுதுறது?"

தந்தையார் காலிப் போத்தலை மூடிக்கொண்டு, "ஐஞ்சாவதாய் ஒண்டு கீறு, பிள்ளை" என்றார். பாஸ் அதற்குள் சக்கரத்துக் கற்களை எடுக்கத் தொடங்கியிருந்தார்.